கைப்போனுக்குள் அடங்கும் வலைப்பக்கம்



நான் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். கலியாணம் முடித்து வந்து இப்போது அம்பாறை மாவட்டம் நாவிதன்வெளியில் குடியிருக்கிறேன். வீட்டு விறாந்தையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் சொல்லிக் கொடுக்கிறேன். பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. மூன்று மாதக் கோர்ஸ் ஒன்று செய்தேன். மிச்சமெல்லாம் பிழை விட்டுப் பிழை விட்டுப் படித்தது. ஆகவே இந்தப் பாடத்தில் எனக்கு விளங்கிய அளவைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். பயப்படாமல் வாசியுங்கள்.

நம்ம தோட்டங்களிலும் இன்றைக்குச் சின்னச் சின்ன வலைப்பக்கங்கள் இருக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு ஒன்று, இளைஞர் மன்றத்துக்கு ஒன்று, தையல் தைக்கிற அக்காமாருக்கு ஒன்று, பூக்கன்று விற்கிற தம்பிக்கு ஒன்று. இவற்றைச் செய்கிறவர் பெரிய திரையுள்ள கம்பியூட்டரில் செய்கிறார். பார்க்கிறவர் எதில் பார்க்கிறார்? போனில். வெட்டுப்பட்ட கண்ணாடியோடு, கொஞ்ச டேட்டாவோடு, மலையில் சிக்னல் வந்து வந்து போகிற போனில். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை எப்படி மூடுவது என்பதே இன்றைய பாடம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில், ஒலிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். கம்பியூட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். ஓ.எல். வகுப்பில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள். பிள்ளைக்கு எழுத்து தெரியும், உங்களுக்கு விஷயம் தெரியும்.

மருதமுனை ராத்தாவின் பக்கம்

கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை என்று ஓர் ஊர். கைத்தறிக்குப் பேர்போன இடம். சாரமும் சேலையும் அங்கே நெய்வது நாடறிந்த விஷயம். அந்த ஊரில் தறி வைத்திருக்கிற ராத்தா ஒருவரை எனக்குப் பழக்கம். அவர் ஒரு கம்பியூட்டர் கடையில் காசு கொடுத்து வலைப்பக்கம் ஒன்று செய்வித்திருந்தார். இடது பக்கம் ஒரு நிரலில் பட்டியல், நடுவில் துணிகளின் படமும் விலையும், வலது பக்கம் ஒரு நிரலில் அவருடைய போன் நம்பர். கடைக்காரர் தன்னுடைய பெரிய திரையில் காட்டும்போது கண்ணைப் பறிக்கிற அழகு.

ஆனால் ஓடர் ஒன்றும் வரவில்லை. அந்த மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்து, நாவிதன்வெளிக்கும் கல்முனைக்கும் போக்குவரத்து கஷ்டமாகிப் போனது. நேரில் வந்து வாங்குகிற ஆட்களும் குறைந்தார்கள். பெருநாளைக்கென்று நெய்து வைத்த சாரங்கள் மடித்த மடிப்பிலேயே இருந்தன. வெள்ளம் வற்றியதும் ராத்தா மகனையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, இந்தப் பக்கத்த ஆரும் பார்க்கிறாங்க இல்லையா, இல்ல பார்த்திட்டு ஓடுறாங்களா? ஒருக்காப் பாருங்களன்" என்றார்.

அவருடைய போனிலேயே திறந்து பார்த்தேன். பக்கம் முழுதும் தெரிந்தது. ஆனால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல. விலையை வாசிக்க இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பிக்க வேண்டும். பெருப்பித்தால் போன் நம்பர் திரைக்கு வெளியே ஓடிவிடும். நம்பரைத் தேடிப் போனால் விலை மறைந்துவிடும். கொழுந்து மடுவத்தில் தராசு ஒரு மூலையிலும் படிக்கல் இன்னொரு மூலையிலும் இருந்தால் எப்படி நிறுப்பது? அந்த மாதிரி.

பக்கம் எப்படி விறைத்துப் போனது

இதற்குக் காரணம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை தேவை.

உலகத்தின் முதலாவது வலைத்தளத்தை டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் செய்தார். 1991இல் அது வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது. வெறும் எழுத்தும் தொடுப்பும் மட்டும்தான். அகலம் இவ்வளவு என்று எங்கேயும் சொல்லவில்லை. அதனால் ஜன்னலை ஒடுக்கினால் வரிகள் தானாக மடிந்து கீழே இறங்கும். விரித்தால் தானாக நீளும். வலைப்பக்கத்தின் பிறவிக் குணமே மடிவதுதான்.

பிறகு அழகுபடுத்த ஆசை வந்தது. 1996இல் சி.எஸ்.எஸ். என்ற அலங்கார மொழியின் முதலாவது பதிப்பு வெளியானது. நிறம், எழுத்தின் பருமன், இடைவெளி எல்லாம் அதில் சொல்லலாம். அந்தக் காலத்தில் எல்லோரும் மேசைக் கம்பியூட்டரில்தானே பார்த்தார்கள்? ஆகவே செய்கிறவர்கள் பக்கத்தின் அகலத்தை 800, 960, 1000 பிக்சல் என்று ஆணி அடித்து வைத்தார்கள். பிக்சல் என்பது திரையில் உள்ள சின்னப் புள்ளி. மடிகிற பக்கத்தை நாம்தான் விறைக்க வைத்தோம்.

2007இல் ஆப்பிள் கம்பெனி ஐபோனை வெளியிட்டது. சின்னத் திரை, ஆனால் ஊரில் உள்ள பக்கமெல்லாம் பெரிய அகலம். அதற்கு அவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். பக்கம் 980 பிக்சல் அகலம் என்று போன் தானாக நினைத்துக்கொள்ளும். அப்படியே விரித்து, பிறகு முழுவதையும் சுருக்கித் திரைக்குள் காட்டும். ராத்தாவின் போனில் நடந்ததும் இதுதான். அவருடைய போனின் அகலத்தை 360 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 பிக்சல் எழுத்து சுருங்கி ஏறக்குறைய 6 ஆகிவிடும். எறும்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்குகிறதா?

2010 மே மாதம் ஈதன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரை எழுதினார். போனுக்கு ஒரு பக்கம், கம்பியூட்டருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு செய்ய வேண்டாம், ஒரே பக்கம் திரைக்கு ஏற்ப மாறட்டும் என்பது அதன் சாரம். அதற்கு மூன்று விஷயம் போதும் என்றார்: நீண்டு சுருங்கும் நிரல்கள், நீண்டு சுருங்கும் படங்கள், திரையின் அகலத்தைப் பார்த்து நடக்கும் கட்டளை. 2015 ஏப்ரலில் கூகிளும், போனில் வாசிக்க வசதியான பக்கங்களைப் போன் தேடலில் முன்னுக்குக் காட்டத் தொடங்கியது.

நம்ம வேலையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். தைத்த சட்டை அளவெடுத்த ஆளுக்குத்தான் சரிவரும். கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு அப்படியா? அம்மா கட்டினாலும் சரி, அக்கா கட்டினாலும் சரி, சுற்றிச் செருகினால் அடங்கும். வலைப்பக்கம் படங்கு மாதிரி இருக்க வேண்டும்.

இதை ராத்தாவுக்குச் சொன்னபோது அவர் தன் தொழிலை வைத்தே ஒரு கேள்வி கேட்டார்: "தறியில பூட்டின அகலத்த இடையில மாத்த ஏலா. இதில மாத்த ஏலுமா?" ஏலும் என்றேன். அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினோம்.

தொடங்குமுன்: ஒரு பிரதி

பக்கத்தின் கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே இன்னோர் உறைக்குள் பிரதி எடுத்து வையுங்கள். பெயரோடு திகதியையும் போடுங்கள். பிழைத்துப் போனால் பழையதைத் திருப்பி வைக்கலாம். இந்தப் பாடத்தில் மறக்கவே கூடாதது இதுதான். நான் ஒருமுறை பிரதி எடுக்காமல் கைவைத்து, முன்பள்ளி ஒன்றின் பக்கத்தை முழுசாக அழித்து, இரண்டு இரவு உட்கார்ந்து திரும்ப எழுதினேன். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

முதலாம் வேலை: ஒரே ஒரு வரி

பக்கத்தின் கோப்பைத் திறந்தால் மேலே ஹெட் என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் இந்த வரியை எழுத வேண்டும்:

மெட்டா, நேம் சமன் "வியூபோர்ட்", கன்டென்ட் சமன் "விட்த் சமன் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் சமன் 1".

முழு வரியும் கோண அடைப்புக்குள் வரும். மேற்கோள் குறி இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரி போனுக்கு என்ன சொல்கிறது? "நீ 980 என்று நினைக்காதே. உன் அகலம் எவ்வளவோ அதுதான் பக்கத்தின் அகலம். சுருக்காதே, உள்ளபடி காட்டு." அவ்வளவுதான்.

இதை ராத்தாவின் மகன் எழுதினான். போனில் திறந்தோம். எழுத்து பெரிதாக, தெளிவாக வந்தது. பையன் துள்ளினான். ஆனால் அடுத்த நிமிஷம் முகம் வாடிவிட்டது. "டீச்சர், வலது பக்கத்தையே காணல்ல!"

உண்மைதான். முன்பு சுருங்கியாவது தெரிந்தது, இப்போது வெட்டுப்பட்டுப் போனது. பலர் இந்த இடத்தில் பயந்துபோய் அந்த வரியை அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டாம். வரி சரி. அடுத்த வேலை மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் வேலை: ஆணியைக் கழற்றுதல்

கணக்குப் பார்ப்போம். ராத்தாவின் பக்கத்தில் இடது நிரல் 200 பிக்சல், நடு நிரல் 560, வலது நிரல் 240. மூன்றையும் கூட்டினால் 1000. போனின் அகலமோ 360. அப்படியென்றால் இடது நிரல் முழுவதும், நடு நிரலில் 160 பிக்சலும்தான் திரையில் தெரியும். மிச்சம் 640 வெளியே. போன் நம்பர் அந்த 640க்குள் மாட்டிக்கொண்டது.

இப்போது சி.எஸ்.எஸ். கோப்பைத் திறந்து, விட்த் என்ற சொல்லைத் தேடுங்கள். தேடுகிற வசதி எல்லா எடிட்டரிலும் இருக்கிறது. விட்த்: 1000 என்று இருக்கும் இடத்தில் மேக்ஸ்-விட்த்: 1000 என்று மாற்றுங்கள். மேக்ஸ் என்ற ஒரு சொல்லைச் சேர்த்ததால் அர்த்தமே மாறிவிடும். "கட்டாயம் 1000" என்று இருந்தது "கூடினால் 1000, குறைந்தால் குறையட்டும்" என்று ஆகிவிடும்.

உள்ளே இருக்கும் மூன்று நிரல்களில் விட்த் என்ற வரியையும், ஃபுளோட் என்று இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஃபுளோட் என்பது ஒன்றை ஓரத்தில் ஒட்டவைக்கும் கட்டளை. எடுத்தவுடன் நிரல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, வரிசையில் நிற்கும். போனுக்கு இதுதான் வசதி. பெருவிரலால் தள்ளிக்கொண்டே போகலாம்.

இன்னொரு சின்ன வில்லங்கம் உண்டு. பெட்டியின் அகலம் 100% என்று போட்டுவிட்டு, உள்ளே இரு பக்கமும் 20 பிக்சல் இடைவெளி விட்டால், அந்த 40ம் மேலதிகமாகக் கூடி, பக்கம் வெளியே பிதுங்கும். இதற்கு மருந்து: சி.எஸ்.எஸ். கோப்பின் தொடக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, நெளிந்த அடைப்புக்குள் பாக்ஸ்-சைசிங்: போர்டர்-பாக்ஸ் என்று எழுதுங்கள். இடைவெளியும் சேர்த்துத்தான் 100% என்று அர்த்தம்.

மூன்றாம் வேலை: படங்கள்

படம் வெளியே பிதுங்காமல் இருக்க இரண்டு கட்டளை. ஐ.எம்.ஜி. என்று எழுதி நெளிந்த அடைப்புக்குள் மேக்ஸ்-விட்த்: 100%, ஹைட்: ஆட்டோ. முதலாவது, பெட்டியை விடப் படம் பெரிதாகக் கூடாது என்கிறது. இரண்டாவது, அகலம் குறைந்தால் உயரமும் அதற்கேற்பக் குறையட்டும் என்கிறது. இரண்டாவதை மறந்தால் மனிதர் முகமெல்லாம் பாக்கு மரம் மாதிரி நீண்டுபோகும்.

படத்தின் கனமும் முக்கியம். போன் கமெராவில் எடுத்த படம் ஒன்று சாதாரணமாக 3, 4 எம்.பி. வரும். ராத்தாவின் பக்கத்தில் 12 படம். ஒன்று 4 எம்.பி. என்றால் மொத்தம் 48 எம்.பி. பக்கத்தை ஒருமுறை திறக்கவே பார்க்கிறவரின் டேட்டாவில் 48 எம்.பி. போய்விடும். மலையில் சிக்னல் குறைந்த இடத்தில் என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆள் மூடிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஒவ்வொரு படத்தையும் அகலம் 1000 பிக்சலாகக் குறைத்துச் சேமித்தோம். ஒன்று ஏறக்குறைய 150 கே.பி. ஆனது. 12 படமும் சேர்ந்து 2 எம்.பி.யும் இல்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. துணியின் இழைகூடத் தெரிந்தது.

சி.எஸ்.எஸ்.ஸில் சின்னதாகக் காட்டினால் கனமும் குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். காட்டுகிற அளவு வேறு, கோப்பின் கனம் வேறு. மூட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். தூக்கினால் கனம் அதேதான்.

நான்காம் வேலை: பெரிய திரைக்கு ஒரு நிபந்தனை

இப்போது போனில் சரி. ஆனால் கம்பியூட்டரிலும் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அதற்குத்தான் திரையைப் பார்த்து நடக்கும் கட்டளை. மீடியா குவெரி என்பார்கள். 2012இல் இது உலக வலைத் தர அமைப்பின் முறையான விதியானது.

சி.எஸ்.எஸ். கோப்பின் கடைசியில் அட் குறி போட்டு, மீடியா என்று எழுதி, வளைந்த அடைப்புக்குள் மின்-விட்த்: 700 பிக்சல் என்று எழுதுங்கள். பிறகு நெளிந்த அடைப்பைத் திறந்து, மூன்று நிரலையும் சுற்றியுள்ள பெட்டிக்கு டிஸ்ப்ளே: ஃபிளெக்ஸ் என்று கொடுங்கள். "திரை 700 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் நிரல்களைப் பக்கம் பக்கமாக நிறுத்து" என்று இதற்குப் பொருள். அதற்குக் குறைந்த திரை இந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாது.

முதலில் போனுக்கு எழுதி, பிறகு பெரிய திரைக்குச் சேர்ப்பதுதான் சுகம். கீழ்மலையிலிருந்து படி வைத்து ஏறுவது போல.

ஐந்தாம் வேலை: தமிழ் எழுத்து

இங்கிலீஷ் புத்தகங்களில் இந்தப் பாடம் இருக்காது. நம்மாட்கள்தான் கவனிக்க வேண்டும்.

ஒன்று: நம்ம நாட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள் நிறையப் பேர். அது அச்சுக்குச் சரி. வலைப்பக்கத்தில் போட்டால், அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழுக்குப் பதிலாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் தெரியும். யூனிகோட் என்ற பொதுமுறையில் 1991இல் வந்த முதலாவது பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. பாமினியில் உள்ளதை யூனிகோடுக்கு மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிவிட்டு, ஹெட் பகுதியில் மெட்டா, சார்செட் சமன் "யு.டி.எஃப்-8" என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: தமிழுக்கு மேலே விசிறியும் புள்ளியும், கீழே சுழியும் உண்டு. வரிகள் நெருங்கினால் மேல்வரியின் கால் கீழ்வரியின் தலையில் மிதிக்கும். லைன்-ஹைட்: 1.7 என்று கொடுங்கள். எழுத்தின் பருமன் 16 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். வயசான கங்காணி ஐயாவும் கண்ணாடி இல்லாமல் வாசிக்க வேண்டாமா?

மூன்று: தமிழில் சொல்லோடு சொல் சேர்ந்து நீண்டு போகும். "பெருந்தோட்டத்தொழிலாளர்களுக்கான" என்று ஒரே சொல்லாகப் பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டால் 360 பிக்சலில் அடங்காது, வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆடும். "தோட்டத் தொழிலாளருக்கு" என்று பிரித்துச் சுருக்கமாக எழுதுங்கள். அதற்கும் மேல் பாதுகாப்பாக ஓவர்ஃபுளோ-ராப்: பிரேக்-வேர்ட் என்ற கட்டளையைப் பாடி பகுதிக்குக் கொடுத்து வையுங்கள். அடங்காத சொல்லை அது மடக்கிவிடும்.

ஆறாம் வேலை: அட்டவணையும் போன் நம்பரும்

ராத்தாவின் விலை அட்டவணையில் ஆறு நிரல்: இலக்கம், வகை, நீளம், நிறம், விலை, கையிருப்பு. போனில் ஆறு நிரல் எப்படியும் அடங்காது. "வாங்க வருகிறவர் முதலில் என்ன கேட்பார்?" என்று கேட்டேன். "என்ன சாமான், என்ன விலை, இருக்கா இல்லையா" என்றார். அந்த மூன்றையும் மட்டும் வைத்தோம். நிறத்தைப் படமே சொல்லும். குறைக்கவே முடியாத அட்டவணை என்றால், அதை ஒரு டிவ் பெட்டிக்குள் வைத்து, பெட்டிக்கு ஓவர்ஃபுளோ-எக்ஸ்: ஆட்டோ என்று கொடுங்கள். அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், பக்கம் அசையாது.

போன் நம்பரைச் சும்மா எழுதி வைக்காதீர்கள். தொடுப்பாக்குங்கள். தொடுப்பின் முகவரியில் டெல் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, நாட்டு இலக்கம் 94உடன் நம்பரை எழுதினால், தொட்டவுடன் கோல் போகும். பொத்தானாக வைத்தால் உயரம் 44 பிக்சலாவது இருக்கட்டும். கொழுந்து எடுத்துக் காய்ப்பு ஏறிய விரலுக்குச் சின்னப் பொத்தான் அகப்படாது.

மடிந்தால் மட்டும் போதாது

இந்த இடத்தில் ஒரு கவலையான கதை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிறந்த தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. உயர்தரம் நன்றாகப் பாஸ் பண்ணியவள். படிப்பு உதவி கொடுக்கும் ஓரிடத்தின் பக்கத்தை அப்பாவின் போனில் திறந்தாள். பக்கம் போனுக்கு ஏற்ப அழகாகத்தான் மடிந்தது. ஆனால் விண்ணப்ப முடிவுத் திகதி கம்பியூட்டரில் வலது நிரலில் இருந்தது. மடிந்தபோது அது எல்லாவற்றுக்கும் கீழே, விழாப் படங்களுக்கும் கீழே, போய் இறங்கிவிட்டது. படங்கள் இறங்கி முடிவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. திகதி அவள் கண்ணில் படவே இல்லை. நாலு நாள் பிந்தி அனுப்பினாள். அந்த வருஷம் அவளுக்குக் கிடைக்கவில்லை.

யார்மேல் குற்றம் சொல்வது? அந்தப் பக்கத்தைச் செய்தவர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார். போனில் ஒருமுறை கீழே தள்ளிப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

ஆகவே நிரல்கள் மடியும்போது எது மேலே வரும், எது கீழே போகும் என்று யோசியுங்கள். கோப்பில் முதலில் எழுதியது மேலே வரும். எனவே முக்கியமானதைக் கோப்பிலும் முதலில் எழுதுங்கள். படிப்பு உதவி என்றால் முடிவுத் திகதி. மருத்துவ முகாம் என்றால் நாளும் இடமும். மழை, மண்சரிவு அறிவித்தல் என்றால் எந்த லயத்து ஆட்கள் எங்கே போக வேண்டும் என்பது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நம்மாட்கள் மறக்கமாட்டார்கள். அப்படியான நேரத்தில் தலைவரின் படமும் வாழ்த்துச் செய்தியும் மேலே இருந்தால் என்ன பிரயோசனம்?

ராத்தாவின் பக்கத்திலும் வரிசையை மாற்றினோம். முதலில் கடையின் பெயர், உடனே கீழே கோல் எடுக்கும் பொத்தான், பிறகு துணிகள், கடைசியில் மற்றப் பட்டியல்.

எப்படிச் சோதிப்பது?

கம்பியூட்டரில் பக்கத்தைத் திறந்து ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக ஒடுக்குங்கள். கீழே பக்கவாட்டு நகர்த்தும் பட்டை தோன்றினால் ஏதோ ஒன்று பிதுங்குகிறது என்று அர்த்தம். அதைத் தேடிப் பிடியுங்கள். பெரும்பாலும் ஒரு படம், ஓர் அட்டவணை, அல்லது மறந்துபோன ஒரு விட்த்.

அதோடு நிறுத்தாதீர்கள். மூன்று பேருடைய போனில் பாருங்கள். ஒன்று பழைய போனாக இருக்கட்டும். வெயிலில் நின்று பாருங்கள். பிறகு உங்களைவிட வயசான ஒருவர் கையில் போனைக் கொடுத்து, "விலை என்ன என்று சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள். அவருடைய விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் உங்கள் அடுத்த வேலை.

கோடிங் எனக்கு வரவே வராது என்கிறவர்கள் வேர்ட்பிரஸ் போன்றவற்றில் கிடைக்கும் ஆயத்தப் பக்கங்களை எடுக்கலாம். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தானாக மடியும். ஆனால் படத்தின் கனம், தமிழ்ச் சொல்லின் நீளம், எது முதலில் என்ற வரிசை ஆகிய மூன்றையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பவர்களும், பாக்கிக் காசைக் கொடுக்குமுன் உங்கள் சொந்தப் போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

ராத்தாவின் வேலை முடிய எங்களுக்கு மூன்று பின்னேரம் எடுத்தது. பக்கத்தை ஏற்றிய வாரத்தில் முதலாவது கோல் வந்ததாம். எங்கேயிருந்து என்று நினைக்கிறீர்கள்? பசறைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா. தீபாவளிக்கு மாமியாருக்குச் சேலை கேட்டிருக்கிறார். "மலையில இருந்தும் பார்க்கிறாங்க தங்கச்சி" என்று ராத்தா சொன்னபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

நினைவில் வையுங்கள்

1. பிரதி எடுக்காமல் கைவைக்காதீர்கள்.
2. வியூபோர்ட் வரி ஹெட் பகுதியில் இருக்க வேண்டும்.
3. விட்த் என்று ஆணி அடித்த இடமெல்லாம் மேக்ஸ்-விட்த் ஆகட்டும்.
4. படத்தைச் சுருக்கிய பிறகே ஏற்றுங்கள்.
5. எழுத்து யூனிகோடில், பருமன் 16க்குக் குறையாமல், வரி இடைவெளி தாராளமாக.
6. அவசரமானது முதலில்.

செய்து பாருங்கள்

உங்கள் தோட்டத்து மன்றம், கோயில், முன்பள்ளி, கடை எதுவானாலும் சரி, ஒரு பக்கத்தைப் போனில் திறவுங்கள். விரலால் பெருப்பிக்காமல் வாசிக்க முடிகிறதா? பக்கவாட்டில் ஆடுகிறதா? போன் நம்பரோ முடிவுத் திகதியோ எத்தனை முறை தள்ளிய பிறகு வருகிறது? மூன்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தைச் செய்த தம்பியிடமோ தங்கச்சியிடமோ கொடுங்கள். கோபமாகச் சொல்ல வேண்டாம். இந்தச் செய்திமடலையும் கையில் கொடுத்து, "முதலாம் வேலையிலிருந்து தொடங்கு" என்று சொல்லுங்கள்.